ஒளி கடற்கரைக்கு, ஒலி உப்பளத் தெருவுக்கு

நீலமுனை நகரின் கடல்வானில் நெருப்புப் பூக்கள் மலர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றேனும் ஓசை எழுப்பவில்லை.

போகிப் பண்டிகை விடுமுறை. கடற்கரையில் மணல் தெரியவில்லை; மனிதத் தலைகளே தெரிந்தன. வடநாட்டிலிருந்து வந்தவர்கள், கடல் கடந்து வந்தவர்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், இதயத்தில் கருவி பொருத்திக்கொண்ட முதியவர்கள் அனைவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். கரைக்கு அப்பால் மிதவைகளிலிருந்து வாணங்கள் சீறி எழுந்தன, உயரத்தில் பிளந்தன, பச்சையாய்ப் பவளமாய்ப் பொன்மழையாய்ச் சொரிந்தன. தள்ளுவண்டியில் உறங்கிய குழந்தை விழிக்கவில்லை. தோளில் கிடந்த நாய்க்குட்டி காதை நிமிர்த்தவில்லை. ஏதோ ஒரு விடுதியின் முற்றத்தில் யாரோ வீணை வாசித்தார்கள். அதன் மெல்லிய மீட்டல்கூடக் கரை முழுவதும் தெளிவாகக் கேட்டது.

வெடித்தது மெய்யான வெடிமருந்து. வெடித்த இடத்தில் ஓசை பிறந்தே தீரும். பிறந்த ஓசை எங்கே போயிற்று என்று அத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை. விருந்துண்டு எழுந்தவர், தம் எச்சில் இலை எந்தத் தெருவில் போய் விழுகிறது என்று கேட்பதுண்டா?

கேட்டவள் ஒருத்தி. கடலோர விடுதியொன்றின் ஐந்தாம் மாடியில், விருந்தினர் அறைக்குத் துவைத்த துண்டுகளைக் கொண்டுவந்தவள். பெயர் அஞ்சுகம். அறையின் வெளிமாடத்தில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள்.

“இவ்ளோ வெடி வெடிக்குதே, சத்தம் எங்க போவுதுன்னு தெரியுங்களா சார்?”

அவர் திரும்பினார். “தெரியும்மா. அதுக்காகத்தான் இந்த ஊருக்கு வந்திருக்கேன்.”

“அதுவும் தெரியும் சார். நீங்க ஒலி ஆணையத்துப் பொறியாளர் மாசிலாமணி. உப்பளத் தெருவுல ஒருத்தி மனு போட்டிருக்கா பாருங்க, அஞ்சுகம்னு. அது நாந்தான்.”

மாசிலாமணி எழுந்து நின்றார். நேர்மையானவர், அதனால் சங்கடப்பட்டார். “இந்த ரூம் எனக்கு...”

“வாணம் உடற கம்பெனி போட்டுக் குடுத்ததுன்னு தெரியும். படுக்கைய விரிச்சதே நாந்தானே.”

அவர் சிரிக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நின்றார். வானத்தில் ஊதாநிறத்தில் ஒரு பெரும் தாமரை விரிந்து உதிர்ந்தது.

“அத அழிச்சிர முடியாதுங்களா சார், அந்தச் சத்தத்த? எதுக்கு எங்க தெருவுல கொண்டாந்து கொட்டணும்?”

“அழிக்கலாம்மா. தலைக்கு மேல கண்ணுக்குத் தெரியாத தூசு மாதிரி ஒரு திரை மிதக்குது. வெடிக்கிற சத்தத்தை அது உறிஞ்சிக்கும். உறிஞ்சினதை அங்கேயே கரைக்கிறதுக்கு ஆகிற செலவு, வாணம் விடறதுக்கு ஆகிற செலவை விடப் பெருசு. இன்னொரு இடத்துல திறந்து விட்டுட்டா செலவே கிடையாது. அதுக்குப் பேர்தான் ஒலிப்பெயர்ப்பு.”

“சாக்கடைத் தண்ணி வர்ற பக்கமாவே சத்தமும் வருது சார்.”

“ரெண்டுக்கும் ஒரே பாதைல குழாய் போட்டிருக்காங்க. தோண்டுற வேலை மிச்சம்.”

“எம் பொண்ணுக்கு ஆறு வயசு. பேரு நறுமுகை. எடக்காது போயிருச்சு. இருக்கறது ஒரு காது, பத்திரம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. லீவு நாள்ல அவளத் தூக்கிகிட்டு எங்க சார் போவ? கடற்கரைக்கு டிக்கெட்டு. அந்தாண்ட உப்பளம். முன்னல்லாம் வருசத்துக்கு நாலு லீவுக்கு வாணம் உட்டாங்க. இப்ப சனிக்கெழமன்னாலே லீவு.”

மாசிலாமணி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். பிறகு, சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று எடைபோட்டவரைப் போல மெல்லச் சொன்னார். “சட்டம் ஒரே ஒரு கேள்விதான் கேக்குதும்மா. மனமொப்பி ஏத்துக்கிற இடத்துக்கு மட்டும்தான் ஓசையைப் பெயர்க்கலாம். உங்க தெரு ஒப்புதுன்னு கம்பெனி சொல்லுது. ஒப்பலைன்னு நீங்க சொல்றீங்க. சத்தத்தை அளக்க எங்கிட்ட கருவி இருக்கு. மனசை அளக்கக் கருவி கிடையாது. காணும் பொங்கல் அன்னிக்குச் சாயங்காலம் தெருவுக்கு வந்து உக்காருவேன். நேர்ல என்ன பார்க்கிறேனோ அதை மட்டும் எழுதுவேன், வேற சாட்சி செல்லாது. ஒப்பலைன்னு எழுதிட்டா மறுநாளே குழாயை மூடியாகணும்.”

“என்னத்தப் பாக்கப் போறீங்க. காதப் பொத்திகிட்டுக் கெடப்போம்.”

அவள் சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மையன்று. ஒன்றை அவள் விழுங்கிவிட்டாள்.

உப்பளத் தெருவில் பிணத்தை ஓசையில்லாமல் எடுப்பதில்லை. பறையும் வேட்டும் முழங்க, ஆட்டத்தோடு அனுப்பி வைப்பதே அவர்கள் மரபு. வாழ்நாள் முழுதும் எவர் காதிலும் விழாமல் வாழ்ந்தவன், போகிற நாளிலாவது நாலு தெருவுக்குக் கேட்கும்படி போகட்டும் என்ற ஆற்றாமையின் முழக்கம் அது. சுற்றுலா வந்தது, சுற்றுலாவோடு அமைதி விதியும் வந்தது. விருந்தினர் செவி நோகும் என்று நகருக்குள் பறைக்குத் தடை, வேட்டுக்குத் தடை. வானத்தையே வெடிமருந்தால் பிளக்கிற நகரம், ஒரு தோற்கருவியின் அதிர்வைத் தாங்காதென்று தீர்ப்பெழுதியது. தடைபோட்ட அதே கை தெருமுனையில் நான்கு இராட்சதக் கூம்புகளை நட்டு, கடற்கரை வேண்டாமென்று தள்ளிய ஓசையை அவற்றின் வழியே கொட்டியது. தெருவார் என்ன செய்தார்கள்? அந்தக் கூம்புகளுக்குக் கொழா என்று பெயரிட்டார்கள். செத்தவரைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அடுத்த விடுமுறை வரை காத்திருந்தார்கள். கொழா திறக்கும் நேரத்தில் பாடையைத் தூக்கினார்கள். ஊரான் கழித்த ஓசையை எடுத்துத் தம் பிணத்துக்கு மாலையாகப் போட்டார்கள்.

இதை அந்த அதிகாரி கண்டால் என்ன எழுதுவார் என்பது அஞ்சுகத்துக்குத் தெரியும். காணும் பொங்கலன்று தெருவில் சாவு விழாமல் இருந்தால் போதும் என்றுதான் அவள் நினைத்தாள்.

காணும் பொங்கல் விடியலில் அவள் தந்தை ஏழுமலை இறந்தார்.

வீட்டின் முன் பந்தல் எழுந்தது. அவளுடைய அண்ணன் தணிகாசலம், கடற்கரையில் குப்பை அள்ளும் குழுவின் மேஸ்திரி, தெருச் சங்கத்தின் தலைவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர் போனவருக்கெல்லாம் நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சாயங்காலம் கொழா தொறக்கறப்ப எடுக்கறோம். அப்பனுக்கு லீவு நாள் பாத்துத்தான் உயிரு போயிருக்கு. ஒருநாள்கூட ஐஸ்பொட்டில கெடக்க வேணாம்.”

அஞ்சுகம் அவரைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்தாள்.

“அண்ணே, சாயங்காலம் வேணாம். இப்பவே எடுத்துரலாம். இல்லன்னா நாளைக்கு.”

“இப்பவேன்னா? சத்தமில்லாமயா?”

“ஆமா.”

“நாய் செத்தாத்தான் முனிசிபாலிடிக்காரன் சத்தமில்லாம தூக்கிட்டுப் போவான். எங்கப்பன் நாயா?”

“எனக்கும் அவருதாண்ணே அப்பன். இன்னிக்கு அந்த ஆபீசரு வராரு. கொழா சத்தத்துக்கு நாம ஆடுறத பாத்தாருன்னா, இவங்க இஷ்டப்பட்டுத்தான் ஏத்துக்கறாங்கன்னு எழுதிருவாரு. அப்பறம் ஜென்மத்துக்கும் அது மூடாது.”

தணிகாசலத்தின் மனைவி தெய்வானை அரிசி முறத்தோடு அங்கே வந்து நின்றாள். “சாவுல ஆடுறது இஷ்டமா? எந்த ஆபீசரு அப்பிடி எழுதுவான்? அவன் ஊட்ல சாவே உழுந்ததில்லையா?”

“அவங்க ஊட்டுச் சாவுல ஆட மாட்டாங்க அண்ணி. ஏசி வண்டி வரும், ஏத்திகிட்டுப் போவும்.”

பந்தற்காலைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் காத்தவராயன் குறுக்கிட்டார். “அந்த வண்டில படுத்தவனுக்கு, சுடுகாட்டுக்குப் போறமா ஆஸ்பத்திரிக்குப் போறமான்னே தெரியாது. அவ்ளோ அமைதி.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை.

“ஊரு என்ன பேசும்? தலைவன் அப்பனுக்கே வேட்டு இல்லன்னு காறித் துப்பும். ரெண்டு வருசமா இந்தத் தெருவுல எந்தப் பொணமும் மொட்டையாப் போவல.”

அஞ்சுகம் வாசலைக் காட்டினாள். நறுமுகை அங்கே தாத்தாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். யார் கூப்பிட்டாலும் முகத்தை இடப்புறமாகத் திருப்பி, நல்ல காதை நீட்டிக் கேட்கும் வழக்கம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

“செத்தவருக்குக் காது கேக்காதுண்ணே. இவளுக்குக் கேக்கணும்.”

தணிகாசலம் பிள்ளையைப் பார்த்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி தங்கச்சி. அந்த ஆளு போற வரைக்கும் அப்பன் எடத்த உட்டு அசைய மாட்டாரு. அவன் போனப்பறம் மிச்சமிருக்கற சத்தத்துல தூக்கிக்கறோம். எம்மேல சத்தியம்.”

பொழுது சாய்ந்தபோது அஞ்சுகம் மகளை உள்ளறையில் உட்கார வைத்தாள். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே மெழுகு பூசி, கம்பளியால் தலையைச் சுற்றினாள். “வெளிய வரக் கூடாது. தாத்தா பக்கத்துல அம்மா இருக்கேன்,” என்று வலக்காதருகே சொல்லிவிட்டு வந்தாள்.

மாசிலாமணி வந்தார். அளவுக்கருவியைச் சுவரோரம் நிறுத்தினார். கூடவே ஒளிவிழா நிறுவனத்தின் மேலாளர் ஜெயவர்த்தன் வந்தார். வெள்ளைச் சட்டை, வணங்கிய கை, பின்னால் ஓர் ஆள் சுமந்து வந்த பெரிய ரோஜா மாலை. இருவரும் காதுகளில் தடித்த காப்புகளை மாட்டிக்கொண்டார்கள்.

கிழக்கே மதில். அதன் மறுபக்கத்தில் கடற்கரைக்கு வருவோர் பார்த்து மகிழத் தென்னந்தோப்பை ஓவியமாகத் தீட்டியிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் பூச்சுகூட இல்லை. மதிலுக்கு மேலே வாணத்தின் ஒரு பொறியும் தெரியாது. கண்ணுக்கு உரியது அந்தப் பக்கம். காதுக்கு உரியது இந்தப் பக்கம்.

முதல் இடி விழுந்தது. கூரைத் தகரங்கள் அதிர்ந்தன. குடத்து நீரில் வளையங்கள் எழுந்தன. நாய்கள் உப்பளத்தை நோக்கி ஓடின. அடுத்தது, அடுத்தது என்று கடல் முழுதும் வெடித்த அத்தனையும், இலட்சம் பேருக்குப் பங்கிட்டுப் போயிருக்க வேண்டிய ஓசை, ஒரே தெருவின் தலையில் கொட்டியது. பந்தலில் இருந்தவர்கள் காதைப் பொத்தி முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தார்கள். ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி சுருண்டார். ஒரு பெண் தன் இரு பிள்ளைகளின் காதுகளைப் பொத்திவிட்டு, தன் காதுக்குக் கையில்லாமல் சுவரில் தலையை அழுத்தினாள். தணிகாசலம் தந்தையின் கால்மாட்டில் அசையாமல் நின்றார். சத்தியம் செய்தவர் சத்தியத்தைக் காத்தார்.

மாசிலாமணி கண்டார். ஒருமுறை தம் காப்பைச் சற்றே விலக்கிப் பார்த்துவிட்டு உடனே பொருத்திக்கொண்டார். அவர் முகம் வெளுத்தது. அளவுக்கருவியை அணைத்தார். அஞ்சுகத்தைப் பார்த்து, போதும் என்பதுபோல் கையை உயர்த்தினார். அந்தக் கையில் தன் மகளின் காது பத்திரமாக இருப்பதாக அவள் நம்பினாள். அப்போதுதான் அவளால் மூச்சை விட முடிந்தது.

மாசிலாமணி வண்டியை நோக்கித் திரும்பினார். ஜெயவர்த்தன் திரும்பவில்லை.

அவர் செருப்பைக் கழற்றினார். மாலையைத் தம் இரு கைகளில் வாங்கினார். பந்தலுக்குள் வந்து, ஏழுமலையின் மார்பில் அதைச் சார்த்தி, குனிந்து பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தத் தெருவில் ஒரு முறை உண்டு. வெளியாரில் பெரிய மனிதர் ஒருவரின் மாலை விழுந்துவிட்டால், அதுவே கடைசி மாலை. அதன்பின் பிணத்தைக் கிடத்தி வைப்பது, மாலை போட்டவரையும் மாலை ஏற்றவரையும் அவமதிப்பது. உடனே தூக்க வேண்டும். இந்த முறை ஜெயவர்த்தனுக்கு எப்படித் தெரியும்? கூம்புகளின் உச்சியிலிருந்த கம்பெனியின் காமிராக் கண்கள் ஈராண்டுகளாகத் தெருவின் ஒவ்வொரு சாவையும் பார்த்துக்கொண்டிருந்தன என்பதை அஞ்சுகம் பின்னால்தான் அறிந்தாள்.

தணிகாசலத்தின் கண்கள் நிறைந்தன. அந்த மனிதர் நாளெல்லாம் கடற்கரையில் குனிந்து குப்பை பொறுக்கியவர். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்த வெள்ளைச் சட்டை ஒன்றுகூட இல்லை. இன்று ஒரு வெள்ளைச் சட்டை அவர் தந்தையின் காலைத் தொட்டது. அவர் சத்தியத்தை மறக்கவில்லை, மறந்திருந்தால் மன்னிக்கலாம். நினைவில் வைத்துக்கொண்டே, அதைவிட மாலை பெரிதென்று முடிவு செய்தார். அடிமைக்கு மரியாதையைக் கொஞ்சம் காட்டினால் போதும், தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துவிடுவான் என்பது ஆள்பவர்கள் அறிந்த பாடம். ஆளப்படுகிறவர்கள் மட்டுமே இன்னும் படிக்காத பாடம்.

அவர் கையை உயர்த்தினார். ஆண்கள் எழுந்தார்கள்.

“வேணாண்ணே,” என்று அஞ்சுகம் கத்தினாள். கொழாவின் ஓசையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓடினாள். தெருப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். செத்தவரின் மகளில்லாமல் மாரடிப்பு வட்டம் கூடாது. கூந்தலை அவிழ்த்தார்கள். ஒருத்தி அவள் வலக்கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள், இன்னொருத்தி இடக்கையை. அழுகையில் அவளைத் தனியே விடக் கூடாது என்ற அன்பு அது. அந்த அன்பிலிருந்து அவளால் தன் கைகளை விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

தலைகளின் இடைவெளியில் அவள் கண்டாள். தெய்வானை உள்ளே போனாள். பாடையைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். மகள் வயிற்றுப் பேத்தி இல்லாமல் எப்படி? நறுமுகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கம்பளியை எடுத்தாள். அப்போதுதான் அந்தப் பஞ்சு அவள் கண்ணில் பட்டது. காதில் பஞ்சு பிணத்துக்கு வைப்பது. ஏழுமலையின் காதில் வைத்திருக்கிறது, மூக்கில் வைத்திருக்கிறது. உயிருள்ள பிள்ளை காதில் பஞ்சோடு பாடையருகே நிற்பதாவது? பதறிப்போனாள் தெய்வானை. மருமகளின் ஆயுளை எண்ணி, நகத்தால் மெழுகைச் சுரண்டி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள். எரியும் பந்தத்தைப் பிள்ளையின் இரண்டு கைகளிலும் கொடுத்தாள்.

இரண்டு கைகளிலும். காதைப் பொத்த மூன்றாவது கை ஏது?

கொழா முழங்கியது. பாடை எழுந்தது. தணிகாசலம் ஆடினார், காத்தவராயன் ஆடினார், சற்று முன்பு சுருண்டு கிடந்த கிழவர்கூட எழுந்து கையை வீசினார். நறுமுகை முதலில் முகத்தைச் சுளித்தாள். வலத்தோளை உயர்த்திக் காதில் இடித்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது. பந்தத்தைக் கீழே போட்டால் தாத்தாவுக்கு ஆகாதென்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவள் போடவில்லை. ஒரு பேரிடி விழுந்தது. அதற்குப் பிறகு அவள் தோள் மெல்ல இறங்கியது. முகம் தெளிந்தது. சுற்றிலும் மண் அதிர, அவள் தாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நேராக, அமைதியாக நின்றாள். என்ன பொறுமையான பிள்ளை என்பதுபோல் தெய்வானை அவள் கன்னத்தை வழித்தாள்.

வண்டிப் படியில் ஒரு காலை வைத்திருந்த மாசிலாமணி, வைத்த காலை எடுத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

ஆண்கள் இடுகாட்டுக்குப் போனார்கள். கடலில் கடைசி வாணம் தீர்ந்தது; கொழா அடங்கியது. வீட்டைக் கழுவிவிட்ட நீர் தெருவில் ஓடிக்கொண்டிருக்க, மாசிலாமணி காப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சுகத்தின் எதிரில் வந்து நின்றார்.

“இது வழக்கமா நடக்கிறதாம்மா?”

அவள் பொய் சொல்லியிருக்கலாம். களைத்திருந்தாள். “நடக்கும் சார். எங்க பறைய நீங்க தடை பண்ணீங்க. வேற சத்தம் எங்க இருக்கு எங்களுக்கு?”

“நான் கண்டதைத்தான் எழுத முடியும்.”

“கண்டத எழுதுங்க. கேட்டதயும் எழுதுங்க.”

“கேட்டதைக் கருவி எழுதிடுச்சும்மா. அதுல ஒரு புள்ளிகூடக் குறையாது. ஆனா சட்டம் அதைக் கேக்கலை. இந்த ஓசையை வேண்டாம்னு தள்றாங்களா, எடுத்துப் பயன்படுத்துறாங்களான்னுதான் கேக்குது. அப்பவே கிளம்பிப் போயிருந்தா...” அவர் முடிக்கவில்லை.

“போயிருந்தா நல்ல மனுசனா இருந்திருப்பீங்க. நின்னதுனால நேர்மையான மனுசன் ஆயிட்டீங்க.”

அவர் குனிந்த தலையோடு வண்டிக்கு நடந்தார். அஞ்சுகம் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். “நறுமுகை.”

கரிந்த பந்தத்தை வைத்து மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்த பிள்ளை நிமிரவில்லை. அஞ்சுகம் மறுபடி கூப்பிட்டாள். வலப்பக்கமாகப் போய் நின்று கூப்பிட்டாள். அதிகாரியின் வண்டி அதற்குள் தெருவைத் தாண்டியிருந்தது.

மாசி பிறக்குமுன் ஆணை வந்தது. அதன் நடை சீரானது, அறிவார்ந்தது, கனிவுகூடக் கொண்டது. உப்பளத் தெருவார் பெயர்க்கப்பட்ட ஓசையைத் தம் ஈமச்சடங்கில் உணர்வோடு இணைத்துக்கொண்டுள்ளனர். ஆகவே அவர்கள் பாதிக்கப்பட்டோர் அல்லர், பண்பாட்டுப் பயனாளிகள். குழாயை மூடுவது அவர்தம் மரபுரிமையைப் பறிப்பதாகும். மக்களை மிதிக்கத் துப்பாக்கி தேவைப்பட்ட காலம் உண்டு. அதைவிட நாகரிகமான கருவியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: மக்களின் கண்ணீரையே ஒப்புதல் கையெழுத்தாக வாங்கிக்கொள்வது.

கதை அத்தோடு நின்றிருந்தால் கொடுமை சிறியதாக இருந்திருக்கும்.

அறிக்கையோடு ஆணையத்தில் காட்டப்பட்ட ஏழுமலையின் இறுதி ஊர்வலக் காட்சி ஊரெங்கும் பரவியது. விடுதி அறைகளில் படுத்துக்கொண்டு பார்த்த விருந்தினர்களுக்குத் திடீரென்று ஒரு குறை தோன்றிற்று. கடற்கரை வானம் ஊமையாக இருக்கிறதே. ஓசையும் ஆட்டமும் உயிரும் அங்கேயல்லவா இருக்கின்றன? ஒளிவிழா நிறுவனம் வாடிக்கையாளரின் குறையைக் கேட்கத் தெரிந்த நிறுவனம். பங்குனிக்குள் மதிலை உடைத்து, தெருவைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி மாடம் கட்டியது. உள்ளே குளிர்காற்று, மெத்தை நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியின் கைப்பிடியிலும் ஒரு சிறு திருகு. தெருவின் ஓசை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைத்துக் கேட்கலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். தணிகாசலத்துக்குப் பித்தான் வைத்த சீருடையும் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்ற பட்டமும் கிடைத்தன. அவர் அதைப் போட்டுக்கொண்டு தங்கை வீட்டு வழியே வருவதை நிறுத்திவிட்டார்.

சித்திரை முதல் நாள் நெருங்கியது. நீண்ட விடுமுறை. மாடத்தில் இடமெல்லாம் முன்பதிவிலேயே நிரம்பிவிட்டது. ஒரு பகலில் ஜெயவர்த்தன் தெருவில் வீடு வீடாக வந்தார். அஞ்சுகத்தின் வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். படியில் உட்கார்ந்து வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்த நறுமுகையைப் பார்த்து, “பாப்பா, அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார். அவள் அவருடைய வாயை உற்றுப் பார்த்துவிட்டு, புன்னகை செய்துவிட்டு, மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

அஞ்சுகம் வெளியே வந்தாள்.

“வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா? மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. ஒரு சின்ன விஷயம். போன ரெண்டு லீவுலயும் தெரு சும்மா கெடந்தது. தூரத்துலேருந்து வர்றவங்க ஏமாந்து போறாங்க. பாவம், குடும்பத்தோட வர்றாங்க. அதான் எல்லார் வீட்லயும் விசாரிக்கிறோம். ரொம்ப முடியாம இருக்கறவங்க யாராவது... தப்பா எடுத்துக்காதீங்க. பொட்டிச் செலவு, மாலை, வண்டி எல்லாம் நாங்களே பாத்துக்கறோம். கௌரவமா செய்வோம். உங்க அப்பாவுக்கு நானே வந்து மாலை போட்டேனே.”

அஞ்சுகம் அவரை நேராகப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

“ஒரு சாவு எங்க ஊட்லயே இருக்கு சார். காணும் பொங்கலுக்கு உழுந்தது. இன்னும் எடுக்கல.”

ஜெயவர்த்தன் திகைத்தார். “யாரும்மா?”

“எம் பொண்ணோட வலக்காது.”

அவர் குனிந்து நறுமுகையைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் இரக்கம் வந்தது. நடிப்பன்று, மெய்யான இரக்கம். பிள்ளை பெற்றவர் அவரும். தலையை இருமுறை அசைத்தார். பிறகு கண்ணாடி மாடம் நிற்கும் திசையை ஒருகணம் நோக்கிவிட்டு, தொழில் தெரிந்தவரின் கவலையோடு தணிந்த குரலில் கேட்டார்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அது வெளியில தெரியாதே. பாக்க வர்றவங்களுக்கு எதைக் காட்டுறது?”